மூன்று ஜோடிச் செருப்பு, ஏழு கால்

என் மனைவி பார்த்துக்கொண்ட பிள்ளைகளில் ஒன்றுக்கு உயிர் இல்லை என்று நான் சில வாரங்கள் மனதார நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. அந்தப் பிள்ளைக்குப் பயந்து, பட்டப்பகலில், சொந்த வீட்டுக் குளியலறைக்குப் போகாமல் பெட்ரோல் நிலையம் வரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய் வந்தவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, பாதி கல்லும் பாதி பலகையுமாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் விடியுமுன் ரொட்டி வேன் ஓட்டப் போய், வெயில் ஏறும்போது திரும்பிவிடுவேன். அதற்கு முன் கோலா கங்சார் சாலையில் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தில் என் மனைவிக்கு ஆயாக் கொட்டகையில் வேலை. பெண்கள் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. கித்தாவை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். ஆள் குறைத்தார்கள். கொட்டகையில் போடப் பிள்ளையே இல்லாமல் போனது. நாங்களும் கிளம்பிவிட்டோம்.

ஈப்போவில் பால்வெட்டுக்குப் பதில் தொழிற்சாலை. பெண்கள் காலை ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் எங்கள் வாசலில் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆயாக் கொட்டகையில் இருந்தவள் என்ற செய்தி போதுமாக இருந்தது.

கொட்டகையை இடித்தபோது அதன் தொட்டில் சட்டத்தை நான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். நல்ல வைரம் பாய்ந்த மரம். ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அதைப்போல் இரண்டு மடங்கு. தலைமுறை தலைமுறையாகக் கொக்கிகள் உராய்ந்து, அங்கங்கே மரம் பள்ளம் விழுந்து பளபளத்தது. அதை நடு அறையில், சுவருக்குச் சுவர் ஏற்றி வைத்து, தொட்டில்களைத் தொங்கவிட்டோம். எங்கள் ஊர்த் தொட்டில் ஸ்பிரிங்கில் தொங்குவது. பிள்ளை படுத்தால் ஸ்பிரிங் இழுபட்டுத் துணி தரைப் பக்கமாகத் தாழும். எடுத்துவிட்டால் துள்ளி மேலே போய் நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனதே இந்த ஸ்பிரிங்கால்தான்.

கொட்டகையிலிருந்து சட்டம் மட்டும் வரவில்லை. கொட்டகையின் சட்டதிட்டமும் என் மனைவியோடு வந்துவிட்டது. பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிக்கொள்ளலாம். காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளை தொட்டில் மறக்கும் வயசுக்கு வரும்வரை அதன் தொட்டிலை அவிழ்க்கக் கூடாது. பிள்ளை பத்து நாள் வராவிட்டாலும் தொங்கத்தான் வேண்டும். இடையில் அவிழ்ப்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். அந்தக் காரணத்தை அவள் வாயால் சொல்லமாட்டாள்.

இந்த நிலையில்தான் அரசாங்கத்தின் சட்டம் வந்தது. வீட்டில் வைத்து மூன்று பிள்ளைகள் வரை பார்க்கலாம், நான்காவது வந்தால் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் நான்கு. நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மலாய்க்கார அம்மாள், மெதுவான பேச்சு, எதையும் தொடாமல் கண்ணாலேயே தொட்டுப் பார்க்கிறவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விண்ணப்பம் போடுங்கள், இன்னொரு தடவை வருவேன், எப்போது என்று சொல்லமாட்டேன், அதுவரைக்கும் மூன்றே மூன்று என்றார். மீறினால் பதிவு கிடைக்காது. பதிவு கிடைக்காவிட்டால் ஒரு பிள்ளைகூடக் கிடையாது.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் வெளியார் போகக் கூடாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒரு நேரத்தில் ஒருவர்தான், அதுவும் பேர் எழுதிவிட்டு. என் மனைவி இந்த விதியை அரசாங்கத்தைவிட அதிகமாக நேசித்தாள். என்னையும் வெளியாரில் சேர்த்துவிட்டாள். நான் உள்ளே போனால் பிள்ளைகள் முழித்துக்கொள்கின்றனவாம். நடு அறை வாசலில் ஒரு திரையைத் தைத்துத் தொங்கவிட்டாள். துணி போதாமல் திரை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

நான்காவதாக வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினோம். பின்வேலிக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை வீட்டில் இருந்த ஒரு பெண்ணின் மகள். மூன்று வயது இருக்கும். அந்தப் பெண் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள், புருஷன் கூட இல்லை. அவள் அழவில்லை. "சரிக்கா, பெர்மிட் வந்தோன சொல்லுங்க, கொண்டாந்து விடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். இடைப்பட்ட நாளுக்குப் பிள்ளையை என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அந்தப் பிள்ளையின் தொட்டில் மட்டும் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது பேய்க்கு வருகிறேன். அதைப் பெற்றவன் நான்தான்.

சாயங்காலங்களில் என் வீட்டு முன்னறையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த கூட்டாளிகளுக்கு, ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதி பிடிக்கவில்லை. பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று என்னைப் பற்றிச் சீனன் காப்பிக் கடை முழுக்கப் பேச்சு. அதில் ஒருவன் முக்கியமானவன். ஈயச் சுரங்கம் மூடி வேலை போனவன், பெரிய மீசை, எங்களுக்குள் மச்சான் முறை. பொண்டாட்டிக்குப் பயம் என்று ஒத்துக்கொள்வதைவிடப் பேய்க்குப் பயம் என்பது ஆம்பளைக்கு அழகாகப் பட்டது. அதனால் காப்பிக் கடை முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு கதை கட்டினேன்.

கொட்டகையில் ஒருமுறை வெளியூரிலிருந்து புது ஆயா வந்தாள். விவரம் தெரியாமல், தூங்கும் பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினாள். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஒன்று கூடுதல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாமே தெரிந்த முகம்தான். எது கூடுதல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முதல் அந்த ஒன்று சட்டத்தை விட்டுப் போவதில்லை. உச்சி வேளையில் வந்து, காலியாக இருக்கிற தொட்டிலில் படுக்கும்.

சொல்லி முடித்தபோது மீசைக்காரன் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டான். "அந்தச் சட்டத்தையா மச்சான் வூட்டுல வச்சிருக்கே?" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும்.

நல்ல கதை. ஒரே ஒரு குறைதான். சில நாளில் அது நடக்க ஆரம்பித்தது.

ஈப்போவின் மதியத்தை அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மழைக்கு முன்னால் காற்று நின்றுபோகும். மலை வெள்ளையாக, வீட்டுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் நிற்கும். கோழிகூடப் பேசாது. அப்படி ஒரு மதியம் முன்னறை நாற்காலியில் கண் அயர்ந்திருந்தேன். கிறீச், கிறீச் என்று ஸ்பிரிங் சத்தம். பழகிய சத்தம்தான். கண்ணைத் திறந்து, சோம்பலாகத் திரைக்கு அடியில் பார்த்தேன். தாழ்ந்திருக்கும் தொட்டில்களின் அடிப்பாகம் மட்டும் அங்கே தெரியும், பலாப்பழம் தொங்குவது போல. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு.

வாசலைப் பார்த்தேன். மூன்று ஜோடிச் செருப்பு.

நான்காவது தொட்டில் காலி. காலித் தொட்டில் மேலே அல்லவா நிற்க வேண்டும்? அதில் ஏதோ கனம் இருந்தது. கனம் மெதுவாக மூச்சு விட்டது. நான் எழுந்து, வீரத்தோடு, எதிர்த் திசையில் நடந்தேன். சாலை முனைவரை போய், ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து பிடித்துவிட்டு வந்தேன். திரைக்கு அடியில் மூன்றுதான் தெரிந்தது. ஆனால் திரைக்கு மேலே இருந்த இடைவெளியில், நான்காவது ஸ்பிரிங், ஆள் இறங்கிய பிறகு ஆடுவதுபோல, இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

மனைவி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன்.

"எண்ணாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"இல்ல, சும்மா ஒரு தகவலுக்கு."

"செருப்ப எண்ணிக்கிங்க" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது, பயத்தில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதில் முதல் பாதி சரி.

மறுநாள் வாடை வந்தது. கித்தாப் பால் வாடை. தோட்டத்தில் வளர்ந்தவன் மூக்குக்கு அதைப்பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். புளித்து, ஈரமாக, தொண்டையில் ஒட்டும். நாங்கள் தோட்டத்தை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டைச் சுற்றி ஒரு கித்தா மரம் கிடையாது. ஆனாலும் நடு அறைத் திரை அசைந்தபோதெல்லாம் அந்த வாடை முன்னறைக்கு வந்து போனது. சட்டத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்தேன். மரம் பழசை நினைத்துக்கொள்கிறது.

இன்னொரு நாள் கால்தடம். பின்கட்டுச் சிமென்டுத் தரையிலிருந்து நடு அறைக்குள் ஈரமாகப் போயிருந்தது. என் உள்ளங்கை அளவுகூட இல்லாத பாதம். விரல் ஐந்தும் தனித்தனியாக, யாரோ மாவில் அச்சு வைத்ததுபோல். உள்ளே போன தடம் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் சூட்டில் குதிகாலிலிருந்து மெல்லக் காய்ந்து, கடைசியில் கட்டைவிரல் மட்டும் நின்று, அதுவும் போனது. அன்றுதான் பெட்ரோல் நிலையத்துக் குளியலறை.

துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஒரு நாள் திரைக்கு முன் குந்தி உட்கார்ந்தேன். தலையை எண்ணினால்தானே தோஷம்? காலை எண்ணி இரண்டால் வகுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மூன்று பிள்ளைகளும் நடக்கிற வயசு. கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்கும். எண்ணினேன். ஏழு.

ஏழை இரண்டால் எப்படி வகுப்பது? மறுபடி எண்ணினேன். நான் கட்டிய கதையில் அந்த ஆயாவும் மறுபடி எண்ணினாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏழாவது கால், நான்காவது தொட்டிலிலிருந்து தனியாகத் தொங்கியது. உள்ளங்கால் சாம்பல் படிந்தாற்போல் இருந்தது. நான் மூச்சை இழுத்த சத்தத்தில் கட்டைவிரல் ஒரு முறை மடங்கி, நிமிர்ந்தது. குந்தியபடியே பின்னுக்குப் போனேன். நண்டுக்குக்கூட அவ்வளவு வேகம் வராது.

யாரிடம் சொல்வது? மீசைக்காரனிடம்தான். அது நான் கட்டிய கதை என்று முதலில் ஒத்துக்கொண்டேன். அவன் நம்பவில்லை.

"கட்டுன கதையா இருந்தா எப்படி மச்சான் காலு வரும்? ஒன் வாயில அது வந்து ஒக்காந்து சொல்ல வச்சிருக்கு லா."

இதை இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அவன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

எனக்குப் பயம் பேயிடம் மட்டும் இல்லை. அதிகாரி எந்த நேரமும் வரலாம். ஆவி இருக்கிற வீடு என்று பேர் வந்தால் மூன்று தாய்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பின்வேலிப் பெண் பெர்மிட்டுக்காகக் காத்திருந்தாள். என் மனைவி வீட்டைக் கழுவிக் கழுவித் தரை தேய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் அந்த ஒரு காகிதத்தை நம்பி. அதனால் அதிகாரி வருவதற்குள் பேயைக் கிளப்பிவிடுவது என்று நானும் மீசைக்காரனும் முடிவு செய்தோம். எலுமிச்சம்பழம் அவன் பொறுப்பு.

அந்த மதியம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. மனைவி பின்கட்டுக்குப் போனதும் மீசைக்காரனை முன்வாசல் வழியாகச் சத்தம் போடாமல் உள்ளே விட்டேன். பேர் எழுதவில்லை. திரைக்கு அடியில் நான்கு கனம் தொங்கியது. கித்தா வாடை. அவன் பழத்தை முன்னால் நீட்டிப் பிடித்தான். "நீ தெரைய தூக்கு" என்றான். "நீ தூக்கு மச்சான், ஒனக்கு மீசை இருக்கு" என்றேன். இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம்.

அதிகாரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சலாம் சொல்லிவிட்டு அவர் வாசலில் இருந்த சின்னச் செருப்புகளைப் பார்த்தார். மூன்று ஜோடி. திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு திரையை நோக்கி நடந்தார். என் மனைவி பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கையில் சோப்பு நுரை, முகம் சுண்ணாம்பு மலை. அதிகாரி திரையை ஒதுக்கினார். தொட்டில் நான்கா என்று கேட்டார். அப்போது நான்காவது தொட்டில், யாரும் தொடாமல், ஒரு முறை தாழ்ந்து எழுந்தது.

"ஹந்து, புவான்" என்றேன்.

மலாயில் ஹந்து என்றால் பேய், புவான் என்றால் அம்மா. அரசாங்க அதிகாரியிடம் ஒரு குடும்பத் தலைவன் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. மீசைக்காரன் அத்தாட்சிக்கு எலுமிச்சம்பழத்தை நீட்டினான். அவர் எங்கள் இருவரையும், தொடாமல் தொடுகிற அந்தப் பார்வையால், தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு போய்த் தொட்டில் துணியை விலக்கினார்.

உள்ளே பின்வேலிப் பெண்ணின் மகள், வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் தொழிற்சாலை மேல்சட்டையைச் சுருட்டிக் கன்னத்துக்கடியில் வைத்திருந்தாள். கையுறைக்கு ஊற்றுகிற கித்தாப் பால் அதில் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

இதற்குப் பிறகு என் மனைவி பேசினாள். தோட்டத்து மலாய்தான், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தத் தாய் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். சமையல்கட்டில் ஒரு பலகை ஆடும். பிள்ளை அதை ஒதுக்கிக்கொண்டு, வேலிக்கடியில் நுழைந்து, துணி துவைக்கிற தண்ணீரில் நடந்து வரும். தூங்கும். அம்மா வருகிற நேரத்துக்குத் திரும்பிப் போய்விடும். முதல் நாள் பார்த்ததிலிருந்து பின்கதவை என் மனைவி தாழ் போடவில்லை. தப்புதான், நான் ஏற்றுக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

தாயிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். என் மனைவி அதைத் தமிழில்தான் சொன்னாள், என்னைப் பார்த்து. மலாயில் அவளுக்கு அவ்வளவு வரவில்லை.

"சொன்னா அவ பயந்துக்கிட்டு பலகைய ஆணி அடிச்சிருவா. அப்பறம் பிள்ளை உள்ளுக்குள்ளயே கெடக்கும். நான் எப்படி சொல்லுவேன்?"

நான் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி, விலக்கிய தொட்டில் துணியை மறுபடி சேர்த்துவிட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு விருந்தாளி பேர் எழுதுகிற தாளைக் கேட்டார். பிள்ளையின் பேரைக் கேட்டு அதில் எழுதினார். இன்றைக்கு இவள் விருந்தாளி, நாளைக்கு இல்லை, தாயை நான் பார்த்துப் பேச வேண்டும் என்றார். பேனாவை மூடிவிட்டு மீசைக்காரனைப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு விருந்தாளிதான் என்று நினைவூட்டினார். அவன் எலுமிச்சம்பழத்தோடு மழையில் இறங்கிப் போனான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா" என்று அன்று மாலை மனைவியிடம் கேட்டேன்.

"ஒங்ககிட்ட சொன்னா காப்பிக் கடைக்கு சொன்ன மாதிரி. நீங்க கட்டுன பேயே பாசார் வரைக்கும் போயிட்டு வந்துருச்சி."

பெர்மிட் வரும்வரை ஆயர் தாவாரிலிருந்து அந்தப் பெண்ணின் அக்கா வந்து பிள்ளையோடு இருந்தாள். அடுத்த மாதம் பெர்மிட் வந்தது. மறுநாள் காலையே பிள்ளை முன்வாசல் வழியாக, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் தொட்டிலில் ஏறிக்கொண்டாள். வாசலில் அன்று நான்கு ஜோடிச் செருப்பு இருந்தது.

செருப்பைப் பற்றி அந்தத் தாய்தான் சொன்னாள். பூட்டிவிட்டுப் போகும்போது, பிள்ளை வெளியே இறங்கிவிடக் கூடாது என்று அதன் செருப்பை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போவாளாம். அதனால் பிள்ளை வெறுங்காலோடு வந்தது.